சுற்றி வந்தால் பூஜ்யம்

பிளஸ் டூ படிக்கும் மகள் பாடம் ஒப்பிக்கக் கேட்டபோதுதான் இயற்பியலின் ‘வேலை’ என்ற சொல்லைக் கவனித்தேன். தமிழ் படித்தவளுக்கு வேலை என்றால் கடலும் உண்டு, பொழுதும் உண்டு. இயற்பியலுக்கு ஒரே பொருள்தான்: விசை இருக்க வேண்டும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்திருக்க வேண்டும். விசைக்குச் செங்குத்தாக எத்தனை தூரம் போனாலும் வேலை பூஜ்யம்.

மின்புலத்தில் நகரும் ஒரு புள்ளி மின்துகளை எடுத்துக்கொள்வோம். அதன் மின்னூட்டம் 2 கூலூம். புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் மின்னழுத்த வேறுபாடு 6 வோல்ட். மின்விசை செய்யும் வேலை 12 ஜூல். நேராகப் போனாலும் 12, ஊரைச் சுற்றிப் போனாலும் 12. எந்த வழி, எத்தனை வளைவு என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கமும் முடிவும் போதும். துகள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால், போகும்போது கிடைத்த 12 வரும்போது கழிந்துவிடும். மொத்த வேலை பூஜ்யம்.

இந்த வரியில் நான் என் அம்மாவைப் பார்த்தேன். கழுவிய பாத்திரம் இரவில் மறுபடி தொட்டியில் கிடக்கும். துவைத்த புடவை மறுபடி அழுக்குக் கூடைக்கு வரும். பெருக்கிய வாசல், விடிந்தால் மறுபடி பெருக்க வேண்டிய வாசல். ஒவ்வொரு நாளும் தொடங்கிய புள்ளியிலேயே முடிந்தது. ஆகவே, “வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்.” நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீட்டு வேலை மட்டும் செய்பவரை ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில்தான் சேர்க்கிறது. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள் என்றது. அதில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 97.

இயற்பியலைக் குறை சொல்ல வரவில்லை. அது நேர்மையானது. பூஜ்யம் என்னும்போது விசையே இல்லை என்று அது சொல்வதில்லை; வழியெல்லாம் விசை இருந்தது, கூட்டலும் கழித்தலும் சமமாயின என்றே சொல்கிறது. அதுவும் புள்ளிக்குப் போட்ட கணக்கு. புள்ளிக்கு உடம்பு இல்லை, முழங்கால் தேயாது. அம்மா நடந்த வட்டத்தில் செலவான சக்தியை எந்தப் புலமும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை.

அந்த விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. மின்னூட்டங்கள் அசையாமல் இருந்து உண்டாக்கும் புலத்துக்கே அது பொருந்தும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நகர்த்தினார். சுருளில் மின்னோட்டம் எழுந்தது. மாறும் காந்தப்புலம் உண்டாக்கும் மின்புலத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது வளையமாகச் சுற்றும். அந்த வளையத்தை ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வரும் துகளின்மீது நடந்த வேலை பூஜ்யம் அல்ல. நம் அடுக்களையில் மிக்சியை ஓட்டும் மின்சாரம் மின்நிலையத்தில் பிறப்பது இப்படித்தான்.

அதே துகள், அதே வட்டம். மாறியது புலம். வட்டத்தைச் சுற்றுகிறவளிடம் “நாளெல்லாம் என்ன செய்தாய்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, அவளைச் சுற்றி எது அசையாமல் இருக்கிறது என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் அது கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருக்கிறது.