கண்டும் காணாமல்

2018 செப்டம்பரில் இணையமெங்கும் ஒரு பெண் முளைத்தாள். பொன்னிறக் கூந்தல், கறுப்பு உடை, தலையில் கொம்பும் கிரீடமும். பெயர் பவுசெட். மரியோ விளையாட்டில் இளவரசி பீச்சைக் கடத்திப்போகும் ஆமை அரக்கன் பவுசரின் பெண்வடிவம் அவள். சில ஓவியங்கள் வெறும் வேடிக்கை. பலவற்றைப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது திறக்க முடியாது. குழந்தைகளின் நிறுவனம் என்று பெயரெடுத்த நிண்டெண்டோவின் பாத்திரத்தை இப்படி வரைய யார் அனுமதித்தது? அதைத்தான் தேடிப் போனேன்.

யார் தொடங்கியது என்பது எளிதில் தெரிந்துவிட்டது. நிண்டெண்டோ அந்த மாதம் அறிவித்த விளையாட்டில் ஒரு சூப்பர் கிரீடம் உண்டு. அதை எடுத்தால் டோடெட் என்ற காளான்தலைச் சிறுமி பீச்சின் சாயலுக்கு மாறிவிடுவாள். அதையே பவுசர் அணிந்தால் என்னாகும் என்று ஒரு ரசிகர் செப்டம்பர் 19 அன்று நான்கு கட்டச் சித்திரக்கதை வரைந்தார். பீச் நிராகரித்த மரியோ, பவுசர் இருவரின் கூத்து அது. ஆபாசமெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. பவுசர் பீச்சின் உடலுக்குள் புகுவதை நிண்டெண்டோவின் ஓவியர்களே 'சூப்பர் மரியோ ஒடிஸி'க்காக வரைந்து பார்த்துக் கைவிட்டிருந்தார்கள் என்பதும் அடுத்த மாதமே தெரியவந்தது.

அனுமதியின் கதையோ 1975 டிசம்பர் 21க்கு இழுத்துச் சென்றது. அன்று டோக்கியோவில் முதல் காமிக் மார்க்கெட் கூடியது: 32 குழுக்கள், சுமார் 700 பேர். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்டு விற்கும் டோஜின்ஷி நூல்களுக்கான அந்தச் சந்தைக்குப் பிற்பாடு லட்சக்கணக்கானோர் வந்தார்கள். பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து எழுதிய பாலியல் கதைகளும் அங்கே தாராளமாக விற்றன. பதிப்புரிமை மீறப்பட்டால் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் குற்றவழக்கு என்பது அப்போதைய ஜப்பானியச் சட்டம். பதிப்பகங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. இன்று டோஜின்ஷி வரைபவர்தானே நாளைக்கு அவர்களுடைய நட்சத்திரம்! கிளாம்ப் என்ற சித்திரக்கதைக் குழு அப்படி வந்ததுதான்.

ஒருமுறை புகார் கொடுத்தது நிண்டெண்டோ. போக்கிமான் பாத்திரங்களை வைத்துப் பாலியல் டோஜின்ஷி வெளியிட்ட ஒரு பெண்ணை 1999இல் கியோட்டோ போலீஸ் கைதுசெய்தது. குற்றச்சாட்டு ஆபாசம் அல்ல, பதிப்புரிமை மீறல். அதைப் படித்ததும் என் கேள்வியே திசை மாறியது. எவ்வளவு ஆபாசம் என்பதல்ல, உரிமையாளர் வாய் திறந்தாரா என்பதே எல்லைக்கோடு.

பவுசெட்டுக்கு நிண்டெண்டோ வாய் திறக்கவில்லை. 2019 ஜனவரியில் விளையாட்டு வெளியானபோது, கிரீடத்தை டோடெட் மட்டுமே அணியலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துக்கொண்டது. ஒருத்தியைக் கைதுசெய்யலாம், ஊரே வரைந்தால் யாரைப் பிடிப்பது?

அதற்குச் சற்று முன்பு, 2018 டிசம்பர் 30 முதல், சிலவகைத் திருட்டுப் பதிப்புகளுக்குப் புகாரில்லாமலே வழக்குத் தொடரலாம் என்று ஜப்பானியச் சட்டம் மாறியது. ரசிகர் படைப்புகளை அந்த மாற்றத்துக்குள் கொண்டுவராமல் விட்டது தெரிந்தே செய்த வேலை. ஆக, பவுசெட்டை யாரும் அனுமதிக்கவில்லை. அனுமதி கேட்கும் அவசியமே வராதபடி ஒரு நாடு சட்டத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறது. அந்த இடம் உரிமையாளரின் பொறுமை இருக்கும்வரைதான். ஓவியரின் உரிமையாக அது இன்னும் ஆகவில்லை.