சுத்துற வட்டமும் நம்ம கணக்கும்

நம்ம சனங்களுக்குக் காத்திருக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேஷனுக்கு, பட்டாவுக்கு, சாதிச் சான்றிதழுக்கு என்று தலைமுறை தலைமுறையாக நின்றே கால் வலித்தவர்கள் நாம். இப்போது அந்தக் காத்திருப்பு செல்போனுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. திரைக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கம்ப்யூட்டர்காரன் பாடு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம்ம பேரில் ஒதுக்கிய காசின் கணக்கு அந்த வட்டத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதனால் இது நம்ம பாடு.

மக்கள்தொகையில் தலித்துகளின் பங்கு எவ்வளவோ, திட்ட நிதியிலும் அவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 20 பேர் நாம். இந்த நிதி வேறெங்கும் போகாமலிருக்கச் சட்டம் வேண்டும் என்று இயக்கங்கள் பல வருசம் கேட்டன. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் 2013இல் சட்டம் வந்தது, இங்கே 2024இல் வந்தது. சட்டம் வந்தாச்சு. கணக்கு நம்ம கைக்கு வர வேண்டாமா?

ராசிபுரம் பக்கம் ஓர் அருந்ததியர் தெருவில், கிராம சபைக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடினோம். வந்தவர்களில் பாதிப்பேர் விசைத்தறிக்குப் போகிற பெண்கள். நம்ம ஒன்றியத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று கேட்டார்கள். எல்லாம் நெட்டில் இருக்கிறது என்று சொல்லி ஒரு துறையின் பக்கத்தைத் திறந்தேன். எந்தத் துறை என்று சொல்வது இங்கே அவசியமில்லை. தலைப்பு வந்தது. போட்டோ வந்தது. அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் வட்டம் சுத்தியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, இன்னுமா சுத்துது? இந்நேரம் தறி ஓட்டியிருந்தா ஒரு முழம் துணியாச்சும் வந்திருக்கும்” என்றார்.

கடைசியில் வந்ததோ இங்கிலீசில், பொடிப் பொடியாக, கலர் கலரான படங்கள். ஒன்றியத்தின் பெயரைத் தொட்டால் மறுபடியும் வட்டம். விடியற்காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மறுநாள் சபையில் கையில் எண் இல்லாமல் நின்றோம். “எல்லாம் ஆன்லைன்ல இருக்குதே, பாத்துக்க வேண்டியதுதானே” என்றார் ஓர் அலுவலர்.

இது ஏன் இப்படி என்று, இதே வேலை பார்க்கிற நம்ம தெருப் பையனிடம் கேட்டேன். “அண்ணே, அது பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கம்ணே” என்றான். வெளிப்பக்கம் ஓரிடத்திலிருந்து வரும். உள்ளே பொதித்து வைத்த அறிக்கை வேறு சர்வரிலிருந்து வரும். முதலில் அதை ஓட்டுகிற மென்பொருள் மூட்டை போனில் இறங்க வேண்டும். அப்புறம் அனுமதிச் சீட்டைச் சரிபார்க்கும். அப்புறம் தரவை எழுப்ப வேண்டும். யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் கிடந்தால் அதைச் சர்வரின் நினைவகத்திலிருந்து இறக்கிவிடுவார்களாம். முதலில் திறக்கிறவருக்குத்தான் தாமதம் அதிகம். அதற்கும் மேலே ஒவ்வொரு படமும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பும். 15 படம் என்றால் குறைந்தது 15 கேள்வி. இத்தனை சுமையையும் குறைந்த விலை போனும் விட்டு விட்டு வருகிற டவரும் தாங்க வேண்டும்.

யாரும் பார்க்காத கணக்கு தூங்கிப்போகும் என்று அவன் சொன்னது எனக்குள் நிற்கிறது. நம்ம கணக்கை நம்மைவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

இந்த அறிக்கைக் கருவிகள் கம்பெனிகளுக்காகப் பிறந்தவை. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ 2015இல் சந்தைக்கு வந்தது. விற்பனை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற மேலாளருக்குத் தைத்த சட்டை அது. அளவு மாற்றாமல் அதையே நமக்கு மாட்டிவிட்டால் எப்படிப் பொருந்தும்? நாமக்கல்லில் முட்டை விலையைப் பாருங்கள். முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. ஒரு வரி, ஒரே எண், கோழிப் பண்ணைக்கும் பெட்டிக்கடைக்கும் உடனே போய்ச் சேர்கிறது. அதற்கு எந்த வட்டமும் சுத்துவதில்லை. வேண்டும் என்று நினைத்தால் எண்ணை லேசாக அனுப்ப முடியும்.

தாமதத்தைக் குறைக்கிற வழிகளையும் அந்தப் பையன் சொன்னான். படங்களைக் குறைக்கலாம். கூட்டுத்தொகைகளை முன்னாடியே போட்டு வைக்கலாம். வெளிப்பக்கம் திறக்கும்போதே உள்மென்பொருளை இறக்கத் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கைக்கு முன்னால் ஒரு சாதாரண அட்டவணையைத் தமிழில் வைக்கலாம். இதில் எதுவும் முடியாத காரியமில்லை. ஆபீசின் வேகமான லைனில் திறந்து பார்த்துச் சரி என்று சொல்வதற்குப் பதிலாக, சேரியில் இருக்கிற போனில் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். யாருடைய கையில் சோதிக்கிறோம் என்பது தொழில்நுட்பம் மட்டுமில்லை, அரசியலும்தான்.

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு நம்ம பக்கம் நிற்கிறது. செலவையும், உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழியாகச் சொன்னால் மக்களைச் சேரும் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. பரப்பும் வழிகளில் அது முதலில் சொல்வது அறிவிப்புப் பலகையை. இணையம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ‘நெட்டில் போட்டாச்சு’ என்பதோடு கடமை முடிந்துவிடாது.

2022 முதல் தமிழ்நாட்டில் வருசத்துக்கு ஆறு கிராம சபை. தோழர்களும் மாணவர்களும் அவரவர் ஊரில் இதைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்: ஆதிதிராவிடர் துணைத் திட்டத்தில் நம்ம ஊராட்சிக்கு ஒதுக்கியது, செலவானது, மீதி ஆகிய மூன்று எண்களும் தமிழில் ஊராட்சிச் சுவரில் எழுதப்பட வேண்டும், இணையத்தில் அதே எண்கள் படமில்லாத அட்டவணையாக, அறிக்கைக்கு முன்னால் வர வேண்டும். கம்ப்யூட்டர் படித்த நம்ம பிள்ளைகள் அந்த அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள். தீர்மானத்தோடு அதையும் இணைத்துவிடலாம்.