தாயிடம் யார் சொல்வது

காணாமல் போன பிள்ளைக்கான புகாரில் கடைசியாக வருவது அங்க அடையாளமும் உடுத்தியிருந்த உடையும். பிள்ளையைத் தேடத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று தாய் நினைப்பாள். ரைட்டரும் அப்படித்தான் சொல்வார். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை மேல்சட்டை, அதில் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிறம், இடுப்பில் கறுப்புக் கயிறு, இடது முழங்காலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அப்பாமார் "ஸ்கூல் யூனிஃபாரம்" என்று முடித்துவிடுவார்கள். பட்டன் தாய்க்குத்தான் தெரியும், தைத்தவள் அவள். அந்த வரிகள் உயிரோடு இருக்கிற பிள்ளையைத் தேடவும் உதவும், கிடைத்த பிரேதத்தோடு ஒப்பிடவும் உதவும். புகார் எழுதும் அறையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், அவளைத் தவிர.

தென்மாவட்டங்களில் பெண் காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள் நான். குழந்தை கொலையான வீட்டுக்குத் தகவல் சொல்லப் போகும்போதெல்லாம் ஜீப்பில் எனக்கு ஓர் இடம் உண்டு. "எம்மா, நீயும் ஏறு. அந்தப் பொம்பள விழுந்துட்டான்னா பிடிக்க ஆளு வேணும்" என்பார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அதிகாரிகள் மாறினார்கள், இந்தப் பேச்சு மாறவில்லை. என்னைக் கூட்டிப் போனது தாயைப் பிடிப்பதற்கு. அவளிடம் சொல்வதற்கு என்று ஒருவரையும் யாரும் கூட்டிப் போனதில்லை.

தெருமுனையில் ஜீப் திரும்பும்போதே பாதி சேதி போய்விடும். குழாயடியில் நிற்கிற பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் இறங்கி வீட்டுக்குள் போக மாட்டார். அப்பாவைக் கூப்பிடுவார். அவர் இல்லையென்றால் தாய்மாமனை, அவரும் இல்லையென்றால் வி.ஏ.ஓ.வை, வார்டு மெம்பரை, டீக்கடை அண்ணாச்சியை. கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்க் காதோடு காதாகச் சொல்வார். அந்த ஆள் தலையில் அடித்துக்கொள்வார். வாசலில் நிற்கிற தாய் அந்தக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். நான் ஓடிப் போய்ப் பிடிப்பேன்.

எங்கள் ஊரில் கேதம் சொல்லப் போகிறவர் முறையாகச் சொல்வார் என்று என் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போய், வாசலில் நின்று, வீட்டுப் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்னார் தவறிட்டாக, நாளைக்கு மத்தியானம் எடுக்காக என்று சொல்ல வேண்டும். சுற்றி வளைக்க மாட்டார். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, கூலியும் சரியாகக் கொடுக்காமல் நடக்கவிட்டது நம் ஊர்களின் அநியாயம். ஆனாலும் அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்த அந்த நேர்மை, காக்கி போட்ட எங்களுக்குக் கடைசி வரை வரவில்லை.

தந்தி வந்த பிறகு நம் வழக்கமே மாறியது. செத்துப் போனவரை "சீரியஸ்" என்று அடித்து வரவழைப்போம். 2013-இல் தந்திச் சேவையே நின்றுவிட்டது, அந்தப் பழக்கம் மட்டும் செல்போனுக்குக் குடிவந்துவிட்டது. போலீஸும் அதையே எடுத்துக்கொண்டது. "ஜி.எச்.ல ஒரு பையன் அட்மிட் ஆயிருக்கான்மா, உங்க பையனான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." அவ்வளவுதான், அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஏறிவிடுவாள். போகிற வழி முழுக்கத் திருச்செந்தூர் முருகனோடு பேரம் நடக்கும். காது குத்துகிறேன், மொட்டை போடுகிறேன் என்பாள். ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு காலு போனாலும் பரவால்ல மேடம், உசிரு இருந்தா போதும், நான் தூக்கிச் சுமந்துக்கிடுதேன்" என்றாள். ஜீப் ஆஸ்பத்திரி வார்டைத் தாண்டிப் பின்பக்கம் பிணவறைப் பாதையில் திரும்பியபோது அவள் பேச்சு நின்றது. நல்லெண்ணத்தில் சொல்கிற பொய் என்பார்கள். அந்தப் பயணங்களில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். அதில் நல்லது எதையும் பார்க்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இன்னொரு முறை நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதுதான் அது.

போலீஸ்காரர்களுக்கு மனசு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்லிக் கூட்டி வந்த ஏட்டு, ஆஸ்பத்திரிச் சுவரோரம் திரும்பி நின்று அழுததையும் பார்த்திருக்கிறேன். எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. என் பயிற்சிக் காலத்தில் கவாத்து உண்டு, லத்தி உண்டு, துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவது உண்டு, சட்டப் பாடம் உண்டு. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி மரணத்தைச் சொல்வதற்கு ஒரு மணி நேர வகுப்பு கிடையாது.

கற்றுத் தராததோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. கொலையான குழந்தை என்றால் முதல் சந்தேகம் வீட்டுக்குள்தான் போகும். பெரும்பாலும் தெரிந்தவன்தான் செய்திருப்பான் என்பது விசாரணையின் பாடம், அதில் உண்மையும் இருக்கிறது. அதனால் சேதி சொல்லப் போகிறவரே முகத்தையும் படிக்கப் போகிறார். "சொல்லும்போது அப்பன் மூஞ்சியப் பாத்துக்கோ" என்று எனக்கே சொல்லியிருக்கிறார்கள். பார்த்தேன். ஒருவர் சேதியைக் கேட்டதும் எங்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். இன்னொருவர் வாசலில் நின்ற தன் பைக்கைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார், ஜீப்புக்கு இடைஞ்சலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டவரை அன்று ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அழவில்லையே, எப்படி? மகளுக்குக் குழி தோண்டுகிற நேரத்துக்குத்தான் விட்டார்கள். கொன்றவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. முகத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். சேதி சொல்பவரும் சந்தேகப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயது மாணவன் 1993 ஏப்ரல் 22 இரவு பஸ் நிறுத்தத்தில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். அவன் வீட்டுக்கு முதலில் சேதி கொண்டுபோனது தெரிந்த ஒரு குடும்பம், போலீஸ் அல்ல. தாய் டோரீனும் தந்தை நெவிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதன்பின் அவர்களைப் போலீஸ் நடத்திய விதத்தை விசாரணைக் குழுத் தலைவர் மக்ஃபர்சன் 1999 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் கடுமையாகக் கண்டித்தார். அவர் தந்த 70 பரிந்துரைகளில் குடும்பத்தோடு தொடர்பு வைக்கும் அதிகாரிகளைப் பற்றியவையும் உண்டு. பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியை அந்தக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கும் முறை அங்கே வலுப்பட்டது அதற்குப் பிறகுதான். ஒரு தாயும் தகப்பனும் விடாமல் கேட்டதால் வந்தது அது.

இங்கே எங்கள் ஸ்டேஷன் மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயர்லெஸ் செட்டை நாங்கள் மைக் என்போம். பகலெல்லாம் அது ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும், வராந்தா வரைக்கும் கேட்கும். பையனைக் காணவில்லை என்று புகார் கொடுத்த ஒரு தாய், வீட்டுக்குப் போ என்றாலும் போகாமல் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் பக்கத்து ஸ்டேஷன் லிமிட்டிலிருந்து மைக் கூப்பிட்டது. கால்வாயில் ஆண் குழந்தை பிரேதம், வயது எட்டு இருக்கலாம், காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை மேல்சட்டை. ரைட்டர் எழுந்து வால்யூமைக் குறைப்பதற்குள் பட்டன் வரைக்கும் வந்துவிட்டது. வெளியே பெஞ்ச் சாய்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். பிடித்தேன். அதுதானே என் வேலை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காணவில்லை என்று இருந்த வழக்கைக் கொலை வழக்காக மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு ஆல்ட்ரேஷன் போனது. பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடந்தது. இருட்டிவிட்டதால் அன்று போஸ்ட்மார்ட்டம் இல்லை. இப்போதும் அப்படித்தான். சூரியன் மறைந்த பிறகும் உடற்கூறாய்வு செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தபோதும், சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலொழிய கொலை வழக்குகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. நல்ல வெளிச்சத்தில் செய்ய வேண்டிய ஆய்வு, காரணம் சரிதான். ஆனால் ராத்திரி முழுக்கப் பிணவறை வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இந்தக் காரணத்தை யாரும் சொல்வதில்லை. காசு எதிர்பார்த்து இழுத்தடிக்கிறார்கள் என்றே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பெற்றோர்கள் பக்கத்திலிருந்த தீயணைப்பு நிலையத்தில் காத்திருந்தார்கள். பிள்ளை கிடைத்தவர்கள் அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப்பட்டவர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். முறைப்படி அடையாளம் காணும் வரை சொல்லக் கூடாது என்பது அங்கே நடைமுறை. கடைசியில் மாநில ஆளுநர் டேனல் மலாய்தான் அந்த அறையில் நின்று, இனி உங்கள் பிள்ளைகள் திரும்பி வர மாட்டார்கள் என்ற பொருளில் தம் வாயால் சொன்னார். சொன்ன விதம் பற்றிப் பின்னால் விமர்சனமும் வந்தது. எனக்கு அவர் மேல் மரியாதைதான். யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, அவர் சொன்னார். உடல்களை நேரில் பார்க்கவிடாமல், முகங்களைப் படம் எடுத்து அதைக் காட்டி அடையாளம் கேட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாநிலப் போலீஸ்காரரைத் துணைக்கு வைத்தார்கள்.

நொய்டாவின் நிட்டாரியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறாது. ஏழைகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது, புகாரோடு வந்த பெற்றோரைத் திருப்பி அனுப்பினார்கள். 2006 டிசம்பர் 29 அன்று ஒரு பங்களாவின் பின்பக்கச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. அந்த வீட்டுக்குப் பெற்றோர் பிள்ளைகளின் போட்டோக்களோடு ஓடி வந்தார்கள், துணியையும் செருப்பையும் பார்த்து அடையாளம் சொன்னார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் ஓட்டைகளைச் சுட்டிக் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தங்கள் பிள்ளையைக் கொன்றது யார் என்ற கேள்விக்குப் பதில் அந்தத் தாய்மாருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. காணாமல் போன குழந்தைக்கான புகார் ஒவ்வொன்றையும் எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது 2013 மே மாதத்தில். நிட்டாரிக்கு அது பிந்திய தீர்ப்பு.

பிள்ளையின் உடை தாய்க்குத் திரும்பி வராது. பிரேதத்துக்குப் பாராவாக ஒரு காவலரைப் போடுவோம். டாக்டரிடம் ஒப்படைப்பதும், ஆய்வு முடிந்ததும் துணிகளை வாங்கி இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பதும் அவர்தான். துணிகள் சான்றுப் பொருளாகிக் கோர்ட்டுக்குப் போகும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அரசு வக்கீல் சட்டையைக் காட்டிக் கேட்டார். அவள் பட்டனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள்.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் என்னை அடையாளம் கண்டு வந்து பேசினாள். கொலைகாரனைப் பற்றி ஒரு சொல் இல்லை. "மேடம், எல்லாரும் வந்தாக, கையெழுத்து வாங்குனாக, சாட்சி சொல்லச் சொன்னாக. ஆனா எம்புள்ள செத்துட்டான்னு எங்கிட்ட யாருமே சொல்லல. அந்த மைக்குதான் சொல்லுச்சு" என்றாள். இப்போது மைக்குப் பதில் வாட்ஸாப். ஸ்பாட்டில் கூடும் கூட்டத்தில் யாரோ எடுக்கிற படம், நாங்கள் ஜீப்பைக் கிளப்புவதற்கு முன்பே தாயின் செல்போனுக்குப் போய்விடுகிறது.

சரியாகச் சொன்ன ஒருவரையும் பார்த்திருக்கிறேன். இளவயது எஸ்.ஐ., பெண். வேப்பமரத்தடிக்கு யாரையும் கூப்பிடவில்லை. நேராக உள்ளே போனார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையின் பேரைச் சொல்லி, "இறந்துட்டாம்மா. நான் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். அந்தத் தாய் அலறினாள், எஸ்.ஐ. எழுந்திருக்கவில்லை. நெடுநேரம் கழித்து அவள் கேட்டது, "எம்புள்ள அங்க ஒத்தையிலயா கிடக்கான்?" என்று. "இல்லம்மா, எங்க ஏட்டையா கூடவே நிக்காரு. நீங்க வாரவரைக்கும் நிப்பாரு." பாரா என்ற எங்கள் வழக்கமான டூட்டிக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன். மறுநாள் விசாரணைக்கு வேறோர் அதிகாரி போனார். எஸ்.ஐ. அடக்கத்துக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

கைதானவனின் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு சொன்னது. பிறகு அது குற்ற நடைமுறைச் சட்டத்தில் 50ஏ ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 48-ஆம் பிரிவாக இருக்கிறது. மிகவும் வேண்டிய பிரிவு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டத்தின் 193-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேக மரணத்தை விசாரிக்கும் 194, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது, அக்கம்பக்கத்தார் இருவரையாவது வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தாய் தகப்பனுக்குச் சொல் என்று அதில் ஒரு வரி இல்லை.

அந்த வரியைச் சேருங்கள் என்று கேட்கிறேன். பிரேதம் யாருடையது என்று தெரிந்தவுடன், விசாரணை அதிகாரி அல்லாத இருவர், அவர்களில் ஒருவர் பெண், நேரில் போய்ப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதுவரை படம் வெளியே போகக் கூடாது. சொன்னவர்களில் ஒருவர் அடக்கம் முடிகிறவரை அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். சட்டம் திருந்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நாளைக் காலை ரோல்காலில் எந்த இன்ஸ்பெக்டரும் தன் ஸ்டேஷனுக்கு இதை உத்தரவாகப் போடலாம்.