காஜாவுக்கு அப்புறம்?

ஒரு தொழிலுக்குக் கையாள் தேடுவது சுலபம். சீடனைத் தேடுவது சிரமம். கையாளுக்குக் கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. சீடனுக்குக் கூலியோடு வித்தையையும் கொடுத்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு, "பையன்களே கிடைப்பதில்லை" என்று அங்கலாய்ப்பவர்கள் அநேகர்.

மொரப்பூரில் எனக்குப் பழக்கமான தையற்காரர் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர். அந்த ஊரிலிருந்து 1906-ல் தருமபுரிக்குச் சின்ன ரயில் விட்டார்கள். யுத்த காலத்தில், 1941-ல், அது நின்று போயிற்று. பெரிய ரயில் இன்றும் ஓடுகிறது. அதில் ஏறினால் சேலம், ஈரோடு தாண்டித் திருப்பூர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனியை நாடிப் போகிறார்கள். அங்கே வாரம் முடிந்தால் கையில் பணம். இவர் கடையில் என்ன கிடைக்கும்?

"காஜா எடுக்க ஒரு பையன் வேணும், சார். தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

"காஜாவுக்கு அப்புறம், மாஸ்டர்?"

"பட்டன் தைப்பான். ஓரம் மடிச்சுத் தைப்பான்."

"அதற்கும் அப்புறம்?"

கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துவிட்டுக் கொண்டார். "கட்டிங் கத்துக் குடுத்தா எதிர்லயே கடை போட்டுடுவான், சார். முன்னால ஒருத்தன் அப்படித்தான் பண்ணினான்."

அவருடைய பயம் பொய்யல்ல. அளவெடுக்கவும் வெட்டவும் தெரியாதவன் பத்து வருஷம் மிஷின் மிதித்தாலும் பிறர் கடையில் கூலிக்காரன்தான். கத்திரிக்கோல் கைக்கு வந்துவிட்டால் அவனும் ஒரு மாஸ்டர். ஆனால் கத்திரிக்கோலைக் கண்ணில் காட்டமாட்டேன் என்பவரிடம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

லண்டனில் ரீபோ என்று ஒரு புத்தக பைண்டர் இருந்தார். 1805-ல், 14 வயசுப் பையன் ஒருவனை ஏழு வருஷ ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்த்துக் கொண்டார். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படிக்கவும் விட்டார். பையன் அவற்றில் மின்சாரத்தைப் பற்றிப் படித்தான். ஒப்பந்தம் முடிந்தபின், 1813-ல், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலைக்குப் போனான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. ரீபோ நஷ்டப்பட்டாரா? ஏழு வருஷ உழைப்பு அவருக்குக் கிடைத்ததல்லவா! எத்தனை நாள், எதற்காக என்பது இருவருக்கும் முதலிலேயே தெரிந்திருந்தது.

நம் நாட்டிலும் 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 14 வயசு நிரம்பியிருக்க வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், உதவித்தொகை வேண்டும் என்கிறது அது. 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஸ்தாபனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இரண்டு மிஷின் போட்ட கடையை அந்தக் கட்டாயம் எட்டாது. அங்கே ஒப்பந்தம் மனிதருக்கு மனிதர் பேசிக்கொள்வதுதான்.

அதையே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்று வருஷம். முதல் ஆறு மாதம் காஜா, பட்டன். அப்புறம் மிஷின். இரண்டாம் வருஷம் செய்தித்தாளை வெட்டிப் பழகுவது. மூன்றாம் வருஷம் வாடிக்கைக்காரர் துணி. வாராவாரம் சம்பளம்.

"மூணு வருஷம் கழிச்சுப் போயிட்டான்னா?"

"போகட்டும், மாஸ்டர். அதுவரை ஒழுங்காக வேலை செய்திருப்பான்."

அவர் பதில் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. மகனுக்கோ இந்தத் தொழிலில் நாட்டமில்லை. கத்திரிக்கோலை ஒளித்து வைத்தால் எதிரில் கடை வராமல் போகலாம். நாளைக்கு இவர் கடையும் இராது.

'பையன் தேவை' என்று பலகை தொங்கவிடுகிறவர்கள், அதன் கீழே 'தொழில் கற்றுத் தரப்படும்' என்று இன்னொரு வரியும் எழுதட்டும். எழுதியபடி நடக்கவும் வேண்டும். அப்படி நடக்கிற கடைக்குப் பையன் கிடைப்பான்.