கிடந்து கெடுவது

உழைத்துத் தேய்ந்த பொருளுக்கும் கிடந்து கெட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், ஒரு பழைய மோட்டார் காரின் பற்றரியைச் சில ஆண்டுகள் பராமரித்துப் பார்த்தாற் போதும். எமது தந்தையார் விட்டுச் சென்ற 1956ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் எங்கள் பொறுப்பில் வந்த நாள்முதல், யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருக்கும் உடன்பிறந்தோராகிய நாங்கள் மூவரும் இப்பாடத்தைப் படித்து வருகின்றோம்.

பிரான்சு நாட்டவரான காஸ்டன் பிளான்ற்றே 1859இல் ஈயத்தகடுகளையும் நீர் கலந்த சல்பூரிக் அமிலத்தையும் கொண்டு அமைத்த மின்கலமே இன்றைய கார் பற்றரியின் மூதாதை. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேற்பட்ட ஆறு கலங்கள் ஒரு பெட்டிக்குள் வரிசையாய் இணைந்திருக்கின்றன. மின் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈயசல்பேற்று படிகின்றது. உடனே மீண்டும் மின்னேற்றினால் அது கரைந்து போய்விடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டாலோ இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. எவரும் தொடாதிருக்கும்போதும் பற்றரி தானாகவே சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டிருக்கும். எங்கள் ஊர் வெப்பத்தில் அது இன்னும் விரைவாக நிகழும். “தம்பியவை, ஓடித் தேஞ்ச பற்றரியிலும் பாக்கக் கிடந்து செத்த பற்றரிதான் கூட” என்று முதிய கராஜ்காரர் ஒருவர் எங்களிடம் கூறியதன் பொருள் இதுவே.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவின் உதவியால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அந்நாள்களில் எமது தந்தையார் வீட்டிலே ஒரு விதி வகுத்திருந்தார்: காரின் பற்றரி காருக்கு மட்டுமே. அதிலிருந்து வானொலிக்கோ மின்குமிழுக்கோ கம்பி இழுக்கலாகாது. தேர்வு எழுதவிருந்த எங்கள் தங்கையும் ஜாம் போத்தல் விளக்கிலேயே படித்தாள். அயலில் எவருக்கேனும் நள்ளிரவில் பிரசவ வலி கண்டால், அந்தப் பற்றரி விழித்திருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் இயந்திரம் கிளம்பாதா என்று வாசகர் கேட்கக்கூடும். பற்றரி சற்றுத் தளர்ந்திருந்தால் கிளம்பும்; முற்றாக இறந்திருந்தால் கிளம்பாது. தீப்பொறி தரும் சுருளுக்கும் எண்ணெயை ஏற்றும் மின்பம்பிக்கும் உரிய வலு அப்பெட்டியிலிருந்தே வரவேண்டும். கைச்சுழற்சியின் வேகம் டைனமோவை எழுப்பப் போதாது.

இக்காரிலே பற்றரி பூட்டுவதற்கும் தனியொரு முறையுண்டு. இன்றைய கார்களில் மறைமுனை உடற்சட்டத்துடன் இணைந்திருக்கும். அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணையும். ஆகவே கழற்றும்போது முதலில் நேர்முனையை விடுவிக்கின்றோம். பூட்டும்போது அதனையே இறுதியாக இணைக்கின்றோம். முறை தவறினால், மறுமுனையில் வைத்த சாவி தற்செயலாக உடலைத் தொட்ட கணமே பெரும் பொறி பறக்கும். நேர்முனைத் தண்டு மறைமுனையிலும் சற்றுத் தடித்தது; எனவே புதிதாய் வாங்கும் கவ்விகளிலே பெரியது உடலுக்குச் செல்லும் கம்பிக்கு உரியது. புதிய கார் ஒன்றிலிருந்து மின் கடன் வாங்க நேர்ந்தால், நேர்முனைக்கு நேர்முனையும் மறைமுனைக்கு மறைமுனையுமே இணைய வேண்டும். இரு கார்களின் உடல்களும் ஒன்றையொன்று தொடலாகாது.

பராமரிப்பு எளியது, ஆனால் ஒத்திப்போட இயலாதது. தகடுகள் மூழ்குமளவுக்கு அமிலம் நிற்கின்றதா எனப் பார்க்க வேண்டும். குறைவது பெரும்பாலும் நீரேயாதலால் நீரையே ஊற்ற வேண்டும், அமிலத்தை அன்று. அந்நீரும் காய்ச்சி வடித்ததாயிருத்தல் வேண்டும். சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் எங்கள் கிணற்றுநீர் குடிக்க உதவும், பற்றரிக்கு உதவாது. தடைக்காலத்தில் தந்தையார் மாரிமழையின் முதற் பெய்தலை ஓடவிட்டு, அடுத்து வருவதை வெட்டவெளியில் வைத்த கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்திச் சேமிப்பார். முனைகளிற் பூக்கும் வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து வசிலின் பூசுவார். மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் போத்தல் விளக்கை அருகில் கொண்டுவர விடமாட்டார்.

கொட்டிலில் நிறுத்தியபடியே ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பது நன்மை தராது. மெதுவாக இயங்கும் இயந்திரத்தில் பழைய டைனமோ மின் ஏற்றுவதில்லை. கிளப்புவதற்குச் செலவானதும் திரும்பாது. எனவே இரு வாரங்களுக்கு ஒருமுறை பண்ணைத் தாம்போதி வழியே வேலணை வரை ஓட்டித் திரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு இக்காரை விற்பது பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்தது. விடுதியொன்றின் முற்றத்தில் அலங்காரமாக நிறுத்த ஒருவர் நல்ல விலை பேசினார். வெளிநாட்டில் வாழும் அண்ணன்மார் சம்மதித்தனர். அவர்களுடைய நியாயமும் எங்களுக்கு விளங்கியது. எங்களுக்கும் வயதாகின்றது, முழங்கால் வலியோடு எத்தனை காலம் குனிந்து நீரூற்றுவது? ஈற்றில் அம்மாவிடம் கேட்டோம். “ஓட ஆளிருந்தா வைச்சிருங்கோ. இல்லாட்டிக் குடுங்கோ. சும்மா கிடக்க விடாதேங்கோ” என்றார். காரை அவர் ஒரு நினைவுச்சின்னமாகக் கருதவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெளிவாயிற்று.

ஓட ஆள் இருக்கின்றான். தங்கையின் மகன் இப்போது நீரமானியின் அளவுகளைத் தன் பாட்டனாரின் கொப்பியிலேயே திகதியிட்டு எழுதி வருகின்றான். மறைமுனையை உடலோடு இணைத்து மாற்றிவிட்டால் கைபேசிக்கும் மின்னேற்றலாம் என்பது அவனது விருப்பம். செய்யத்தக்க மாற்றம்தான், டைனமோவின் காந்த முனைவையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டும். செய்வதா விடுவதா என்பதை அவனிடமே விட்டுவிட்டோம். பழைய முறை மாறினாலும் கார் ஓடும். இரு வாரத்துக்கொருமுறை கொட்டிலின் கதவு திறக்கப்படாவிட்டால் ஓடாது. நாங்கள் அவனிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றை மட்டுமே.