கயிறு தெரியுதா பாஸ்?

உங்க ஹாஸ்டல்லயும் கண்டிப்பா அப்படி ஒருத்தன் இருப்பான். எல்லாரும் வாயைப் பிளந்து படம் பார்த்துட்டு இருக்கிற நேரத்தில், ‘‘இது கிராஃபிக்ஸ் மச்சி’’ என்று அலட்சியமாக ஒரு குண்டைத் தூக்கிப் போடுவான். மொத்த ரூமும் அவனைத் திரும்பி முறைக்கும். நான் படித்த காலத்தில் எங்க ஹாஸ்டலில் அந்த ஒருத்தன்... சாட்சாத் நானேதான்!

எனக்கென்று ஒரு சட்டப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு பிரிவு. நிஜமாகவே ஒரு மனுஷன் குதித்தால், விழுந்தால், எலும்பை உடைத்துக்கொண்டால் அது ஆக்‌ஷன். மீதி எல்லாம் டுபாக்கூர். இந்தச் சட்டப்படி எனக்கு ஒரே தலைவர் ஜாக்கி சான். தமிழில் டப் ஆகி, ‘‘வாடா மவனே’’ ரேஞ்சில் பேசினாலும் அவர்தான் தலைவர்.

‘போலீஸ் ஸ்டோரி’ பார்த்திருக்கீங்களா? 1985-ல் வந்த படம். பார்க்கலைன்னா இந்த வாரக் கடைசியில் முதல் வேலையாகப் பார்த்துடுங்க. க்ளைமாக்ஸ் ஒரு ஷாப்பிங் மாலில். ஆளுக்கு ஆள் கண்ணாடியில் வீசப்படுகிறார்கள். உடைகிற கண்ணாடியின் எண்ணிக்கையைப் பார்த்துட்டு, ஸ்டன்ட் ஆட்களே அந்தப் படத்துக்கு ‘கிளாஸ் ஸ்டோரி’ என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். கடைசியில் ஜாக்கி மேல் மாடியிலிருந்து ஒரு கம்பத்தில் தாவி, அதில் சுற்றியிருக்கிற சீரியல் பல்புகளைப் படபடவென்று உடைத்துக்கொண்டே கீழே வழுக்கி வருவார். கையெல்லாம் வெந்துபோச்சு, முதுகிலும் இடுப்பிலும் பலத்த அடி. அந்த ஒரு ஷாட்டை வேறு வேறு கோணத்தில் மூன்று முறை திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். காட்டாமல் இருப்பார்களா பின்னே? உயிரைக் கொடுத்து எடுத்த ஷாட் ஆச்சே!

அதுக்கு அடுத்த வருஷம் ‘ஆர்மர் ஆஃப் காட்’. யூகோஸ்லாவியாவில் ஷூட்டிங். சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவுகிற, அவர் லெவலுக்கு ரொம்பச் சாதாரணமான ஸ்டன்ட். கிளை ஒடிந்தது. தலை பாறையில் மோதியது. மண்டை ஓடு உடைந்து, மூளையில் ஆபரேஷன் வரைக்கும் போனது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த விபத்தையே காட்டுவார்கள். நாங்க படம் முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததே அந்த ரத்தத்தைப் பார்க்கத்தான். பார்த்துட்டுக் கைதட்டினோம். இந்த ‘கைதட்டினோம்’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வருது.

எனக்கு எதிர்க்கட்சித் தலைவர் என் ரூம்மேட். மெக்கானிக்கல் பையன். அவனுக்கு சாமி, பூதம் எல்லாமே ‘தி மேட்ரிக்ஸ்’தான். 1999-ல் வந்த படத்தை, யாரோ கொடுத்த வி.சி.டி-யில், தேய்ந்துபோகும்வரை பார்த்தவன். கீனு ரீவ்ஸ் மொட்டை மாடியில் மல்லாக்க வளைய, தோட்டாக்கள் தண்ணியில் நீந்துகிற மாதிரி மேலே போகுமே... அந்த இடத்தில் பாஸ் பண்ணிவிட்டு ஒரு லெக்சர் கொடுப்பான். ‘‘டேய், நூறு ஸ்டில் கேமராவுக்கு மேல வட்டமா அடுக்கி எடுத்திருக்கானுங்கடா. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு போட்டோ. எல்லாத்தையும் வரிசையா ஓட்டினா கேமரா சுத்துற மாதிரி தெரியும். இது மூளைடா!’’

‘‘மூளை சரி மச்சி. கயிறு கட்டிட்டு ஆடுறதெல்லாம் சண்டையா?’’ என்பேன். செமஸ்டருக்கு முந்தின ராத்திரிகூட இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அந்தப் பேப்பர் ரெண்டு பேருக்குமே அரியர் என்பது தனிக்கதை.

உண்மையில் ‘மேட்ரிக்ஸ்’ சண்டைகளை அமைத்தவர் ஹாங்காங் மாஸ்டர் யுவென் வூ-பிங். ஜாக்கியை ஸ்டாராக்கிய ‘ட்ரங்கன் மாஸ்டர்’ (1978) படத்தை இயக்கியதே அவர்தான். அதாவது என் கட்சியின் மூத்த தலைவரே எதிர்க்கட்சிக்கும் சண்டை சொல்லிக் கொடுத்திருக்கார்! நடிகர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். கீனு ரீவ்ஸ் கழுத்தில் ஆபரேஷன் முடிந்த கையோடு வந்து கத்துக்கிட்டார். இதே யுவென் வூ-பிங்தான் 2010-ல் நம்ம ‘எந்திரன்’ படத்திலும் வேலை பார்த்தார். இதெல்லாம் தெரிந்தபோது நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துட்டேன். சட்டப் புத்தகத்தில் திருத்தம் கொண்டுவர மனசு வரலை.

ரெண்டு பேரும் சண்டை போடாமல் பார்த்த ஒரே படம் ‘டெர்மினேட்டர் 2’. 1991-ல் வந்தது. இன்றைக்குப் போட்டாலும் முழுசாகப் பார்ப்பேன். உருகி உருகி உருவம் மாறுகிற அந்த வில்லன் அவனுக்கு. லாரியும் ஹெலிகாப்டரும் எனக்கு. ஹெலிகாப்டர் ஒன்று பாலத்துக்கு அடியில் புகுந்து போகுமே... நிஜமாகவே பறந்து எடுத்தது. அப்புறம் அர்னால்டு பைக்கில், துப்பாக்கியோடு, மேலேயிருந்து காய்ந்த கால்வாய்க்குள் தாவுகிற ஷாட். ‘‘பாருடா, பைக்! நிஜ பைக்!’’ என்று கட்டில் மேல் ஏறிக் கத்தியிருக்கேன்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த பைக்கைக் கனமான கேபிள்களில் தொங்கவிட்டுத்தான் இறக்கியிருக்கிறார்கள். ஓட்டியது ஸ்டன்ட் நடிகர். தரையில் மோதும்போது மொத்த எடையும் அவர் மேல் வராமல் கேபிள் தாங்கிக்கொண்டது. பிறகு கம்ப்யூட்டரில் கேபிளை அழித்துவிட்டார்கள். நான் எதைக் காட்டி ‘நிஜம் நிஜம்’ என்று கட்டிலை உடைத்தேனோ, அதிலேயே கிராஃபிக்ஸ். அதுவும் வில்லனை உருக்கிய கிராஃபிக்ஸ் இல்லை... ஒரு ஆளைக் காப்பாற்றிய கிராஃபிக்ஸ்.

என் ரூம்மேட் இப்போ செய்கிற வேலை என்ன தெரியுமா? அதேதான்! சென்னையில் ஒரு வி.எஃப்.எக்ஸ். கம்பெனியில் கயிறு அழிக்கிறான். ‘‘மெக்கானிக்கல் படிச்சிட்டு ரப்பர் வெச்சு அழிக்கிறான்’’ என்று அவங்க அப்பாவே கலாய்ப்பார். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஹீரோ அஞ்சு விநாடி காற்றில் பறந்தால் 120 ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் கயிறு எங்கே போகிறது என்று பார்த்து, அதை எடுத்துவிட்டு, பின்னாடி இருக்கிற சுவரோ வானமோ அங்கே வருகிற மாதிரி நிரப்பணும். சட்டையில் கயிறு இழுக்கிற சுருக்கம்கூடத் தெரியக் கூடாது. ஹாலிவுட் படங்களுக்கான இந்த மாதிரி வேலை நிறைய நம்ம ஊர்களில்தான் நடக்கிறது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்க, நம்மூர்ப் பெயர்களாக வரும்.

2015-ல் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ வந்தபோது அவனுக்குப் போன் பண்ணி, ‘‘பார்த்தியா... நமீபியா பாலைவனத்துல நிஜ வண்டி, நிஜ ஆளுங்க. உன் பொழப்புக்கே வேலை இல்ல’’ என்று வம்பிழுத்தேன். ஓடுகிற வண்டிகளில் நீளக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆட்கள் பெண்டுலம் மாதிரி ஆடுவார்களே... சத்தியமாக நிஜம். அவன் சிரிச்சான். ‘‘நிஜம்தான் மச்சி. ஆனா அந்தப் படத்துல சுமார் 2,000 வி.எஃப்.எக்ஸ். ஷாட் இருக்கு. உனக்கு ஒண்ணுகூடத் தெரியலைல்ல?’’ என்றான். போனை வெச்சுட்டேன்.

எனக்கு நிஜமாகவே உறைத்தது அதற்கும் பிறகு. 2023-ல் ‘டேவிட் ஹோம்ஸ்: தி பாய் ஹூ லிவ்ட்’ என்று ஒரு டாக்குமென்டரி வந்தது. ‘ஹாரி பாட்டர்’ முதல் படத்திலிருந்து டேனியல் ராட்க்ளிஃபுக்கு ஸ்டன்ட் டபுளாக இருந்தவர் ஹோம்ஸ். நாம் பார்த்த எத்தனையோ துடைப்பப் பறத்தல்களில் பறந்தது அவர்தான். 2009 ஜனவரியில், ‘டெத்லி ஹாலோஸ்’ படத்துக்கான ஒத்திகை. வெடித்துத் தூக்கி எறியப்படுவது போல, கயிறு கட்டிப் பின்னால் வேகமாக இழுக்கும் ஸ்டன்ட். சுவரில் மோதினார். கழுத்து முறிந்தது. அப்போ அவருக்கு இருபத்தைந்து வயசு. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

கவனிச்சீங்களா? இங்கேயும் கயிறு இருந்தது. கயிறு இருந்தால் பத்திரம், இல்லாவிட்டால் ஆபத்து என்று சுலபமாகவும் பிரித்துவிட முடியாது.

அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி, ஹாஸ்டலில் ஜாக்கியின் ரத்தத்துக்கு நாங்க கைதட்டினது ஞாபகம் வந்தது. அவர் பிழைத்து எழுந்து வந்ததால் அது கதை. எழுந்து வராதவர்களின் ஷாட்டுக்கும் நான் கைதட்டியிருப்பேனா? 2025 ஜூலையில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பட ஷூட்டிங்கில், கார் தாவிக் கவிழும் ஸ்டன்ட்டில் ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்துபோனார். செய்தியோடு அந்த வீடியோவும் மொபைலுக்கு மொபைல் வந்தது. கார் பறக்கிறது, கவிழ்கிறது. எனக்கு முதலில் என்ன தோணுச்சு தெரியுமா? எழுதவே கூச்சமாக இருக்கு. ‘ஷாட் நல்லா வந்திருக்கு’ என்று ஒரு நொடி தோணுச்சு. அடுத்த நொடிதான் செய்தியைப் படிச்சேன். இத்தனை வருஷம் என் சட்டப் புத்தகம் என்னை இப்படித்தான் தயார் பண்ணி வெச்சிருந்தது போல.

இவங்க வேலைக்கு ஆஸ்கரே கிடையாது, தெரியுமில்லையா? 1929-லிருந்து விருது கொடுக்கிறார்கள். மேக்கப், சவுண்ட் எல்லாவற்றுக்கும் உண்டு. ஸ்டன்ட்டுக்கு ஒரு பிரிவு வைப்பதாக 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். அதுவும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான்.

சரி, சட்டம் போச்சு. அப்புறம் எனக்கு எதுதான் பிடிச்சிருந்தது? அதைத்தான் இப்போ ஒவ்வொரு படமாகத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டு இருக்கேன்.

‘டை ஹார்ட்’ (1988) எடுத்துக்கோங்க. ப்ரூஸ் வில்லிஸ் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டுகள் மேல் ஓடுவார். பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கும்போது, நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டேன். சினிமாவில் எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான். ஆனா படத்துக்காக அவருக்குக் கால் வடிவத்திலேயே ரப்பரில் ஒரு செருப்பு செஞ்சு மாட்டிவிட்டிருக்கிறார்கள்! ஒரு ரப்பர் காலைப் பார்த்து இருபது வருஷமாக நான் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துட்டு இருக்கேன். எழுதினவன் செஞ்ச வேலை அது. ஹீரோவின் ஷூவை ஆரம்பத்திலேயே கழற்ற வெச்சுட்டான். கடைசிவரை திருப்பிக் கொடுக்கலை. அவ்வளவுதான் மேட்டர்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ரெண்டாம் பாகத்தில் (2002) விகோ மார்டென்சன் ஹெல்மெட்டை உதைத்துக் கால்விரல் உடைந்து நிஜமாகவே அலறுகிற ஷாட்டைப் பற்றி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கேன். ஆனா எனக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில் இல்லை. மூன்றாம் பாகத்தில், நடக்க முடியாத ஃப்ரோடோவை சாம் தோளில் தூக்கிக்கொண்டு எரிமலையில் ஏறுகிற இடத்தில். அங்கே யாருக்கும் எதுவும் உடையலை. அதே இயக்குநரின் ‘தி ஹாபிட்’ மூன்றாம் பாகத்தில் (2014), இடிந்து விழுகிற பாலத்தின் கற்கள் மேல் லெகோலஸ் படிக்கட்டு ஏறுவது போலத் தாவித் தாவிப் போவார். அதைப் பார்த்து எனக்குக் கொட்டாவிதான் வந்தது. கிராஃபிக்ஸ் என்பதால் வரலை. விழுந்துடுவாரோ என்று படம் எடுத்தவர்களே பயப்படாத மாதிரி இருந்ததால் வந்தது.

எல்லாத்துக்கும் மேலே, 2004-ல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’. அந்த ரயில்! ஆக்டோபஸ் வில்லன் பாதி பொம்மை, பாதி கிராஃபிக்ஸ். பழைய சட்டப்படி நான் எழுந்து போயிருக்கணும். ஸ்பைடர்மேன் ரயிலுக்கு முன்னாடி நின்று, ரெண்டு பக்கக் கட்டடங்களிலும் வலையை வீசி, சட்டை கிழிய, பல்லைக் கடித்துக்கொண்டு ரயிலை நிறுத்துவார். நிறுத்திட்டு மயங்கிச் சரிவார். முகமூடி கிடையாது. உள்ளே இருக்கிற பயணிகள் அவரைப் பிடித்து, தலைக்கு மேல் கைகளால் ஏந்தி, ஒருத்தர் மாற்றி ஒருத்தராக உள்ளே கொண்டுபோய்க் கிடத்துவார்கள். நம்ம பையன் வயசுதானே என்று ஒருத்தர் பதறுவார். ரெண்டு சின்னப் பசங்க முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்பார்கள். தியேட்டரில் பக்கத்தில் ரூம்மேட். நான் கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்துட்டான். ‘‘கிராஃபிக்ஸ் மச்சி’’ என்றான் நைசாக. பழிவாங்க அந்த நேரம் பார்த்தே காத்திருந்திருக்கான், ராஸ்கல்!

போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் வேலை பார்த்த ஒரு சண்டைக் காட்சியை டி.வி-யில் போட்டான். ஹீரோ மூன்றாவது மாடியிலிருந்து குதித்து, ஒரு பால்கனியைப் பிடித்துத் தொங்கி, தெருவில் இறங்குகிறார். அந்த டூப்புக்கு ரெண்டு கயிறு கட்டியிருந்தார்களாம். அதை அழிக்க அவனுக்கு மூணு வாரம்.

‘‘எங்கேடா இருந்துச்சு கயிறு?’’ என்று கேட்டேன். ரிமோட்டை என் கையில் கொடுத்தான். ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டி.வி-க்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தேன். தோளுக்கு மேலே வெறும் சுவர். சுவரில் ஒரு பழைய போஸ்டர்.

‘‘அந்த போஸ்டர் நான் ஒட்டினது’’ என்றான்.