கோலா பற!

கிள்ளை என்று சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களே அதிகம். "பிச்சாவரத்துக்குப் பக்கம்" என்றால்தான், "ஓ, படகு விடுகிற இடமா!" என்பார்கள். சுரபுன்னைக் காட்டுக்கு நடுவே படகில் போவதற்கென்று சென்னையிலிருந்து ஜனங்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். நாங்களோ விடுமுறை வந்தால் உல்லாசத்தைத் தேடிச் சென்னைக்குப் போகிறோம். இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை!

சென்ற வருஷம் கோடை விடுமுறையில் என் குடும்பமும் அப்படித்தான் புறப்பட்டது. நான், என் மனைவி, பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள், எழுபது வயதைத் தாண்டிய என் தாயார் ஆகிய ஐந்து பேர், சென்னைக்கு வெளியே உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில் போய் நின்றோம். பூங்காவின் பெயர் வேண்டாம்.

உள்ளே நுழைவதற்கு முன்பே இரண்டு சங்கடங்கள். என் தாயார் விடியற்காலையில் எழுந்து கட்டிய புளிச்சோற்று மூட்டையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாயாருக்கும் முழுக் கட்டணம் வசூலித்தார்கள். உள்ளே போனதும் முதல் ராட்டினத்தின் பக்கத்தில் ஒரு பலகை: முதியோர், இருதய நோயாளிகள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக்கூடாது. அடுத்ததிலும் அதே பலகை. "என்னை உள்ளே விடறதுக்குக் காசு, ஏறாம இருக்கறதுக்கு ஒரு பலகை!" என்றார் தாயார். ஆயினும், வரிசையில் எங்களுடனேயே நின்றார்.

இவ்விடத்தில் என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே அவனும் படிக்கிறான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போல என்னை 'சார்' என்றே கூப்பிட வேண்டும் என்று நான்தான் உத்தரவிட்டேன். அவன் கீழ்ப்படிந்தான். நாளடைவில் வீட்டிலும் நான் 'சார்' ஆகிவிட்டேன். "எத்தனை மார்க்?" என்று நான் கேட்பதும், "இத்தனை" என்று அவன் சொல்வதுமாக எங்கள் சம்பாஷணை முடிந்துவிடும். அவனுடைய சிரிப்புச் சத்தம் என் காதில் விழுந்து வெகு காலமாயிற்று. மூன்று மாதம் பணம் சேர்த்து அவனைச் சென்னைக்கு அழைத்து வந்ததற்கு உண்மையான காரணம் அதுதான்.

தகரக் கொட்டகையின் கீழ் ராட்சத ரயிலுக்கான வரிசை பாம்பைப் போல் வளைந்து கிடந்தது. அக்கினி நட்சத்திர வெயில். முக்கால் மணி நேரத்தில் பத்தடி நகர்ந்திருப்போம். எல்லோருடைய தலையும் கைப்பேசியின் மீது கவிழ்ந்திருந்தது. என் மகனும் அப்படியே. மகள் மாத்திரம் அழ ஆரம்பித்தாள்.

தாயார் அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டு, "கொக்கு பற பற!" என்றார்.

இந்த விளையாட்டை அறியாத தமிழர் இருக்க முடியாது. பறப்பதைச் சொன்னால் இரண்டு கையையும் தூக்க வேண்டும். பறக்காததற்குத் தூக்கினால் தோல்வி. காக்கை பறந்தது, மைனா பறந்தது, பிச்சாவரத்து நாரை பறந்தது. "எருமை பற!" என்றதும் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு புது மாப்பிள்ளை ஞாபகப் பிசகாகக் கையைத் தூக்கினார். அவருடைய மனைவி சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்துக்குள் முன்பின் தெரியாத நாலைந்து குடும்பங்கள் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டன. என் மகனும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டான்.

"நீயும் சேர்ந்துக்கோயேன் தம்பி" என்று தாயார் என்னை அழைத்தார். எனக்குக் கூச்சம். பட்டம் பெற்றவன், நாலு பேருக்குப் பாடம் சொல்பவன், நடுத்தெருவில் கையைத் தூக்குவதா? எப்படியோ சேர்ந்தேன். தும்பி, வௌவால் எல்லாம் தாண்டி நானும் மகனும் இன்னும் இருவரும் மாத்திரம் மிஞ்சினோம்.

"கோலா பற!" என்றார் தாயார்.

மீனாவது பறப்பதாவது! நான் கையை அசைக்கவில்லை. மகன் பளிச்சென்று இரண்டு கையையும் தூக்கினான்.

"சார் அவுட்!" என்று கூவினான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்பா அவுட்!" என்றான்.

நான் விடுவேனா? "கோலா பறப்பதில்லை. துடுப்பை விரித்துக்கொண்டு நீருக்கு மேலே காற்றில் வழுக்கிச் செல்கிறது. பறத்தல் வேறு" என்று பாடம் நடத்தத் தொடங்கினேன். "கிள்ளையில பொறந்துட்டு, பறவைக்கோலா தெரியலையாம் வாத்தியாருக்கு!" என்றார் தாயார். வரிசை முழுவதும் சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் என் மகன்.

ரயில் சவாரி இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. சிதம்பரம் வந்து சேரும் வரையில் கோலாவைப் பற்றித்தான் விவாதம்.

சும்மா காத்திருக்கும் நேரத்தைவிட ஏதேனும் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் நேரம் குறைவாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் என்ற அறிஞர் 1985-இல் எழுதினார். அமெரிக்காவில் 1955-இல் டிஸ்னிலாந்தைத் திறந்தவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் இந்த விஷயத்தை நன்கு அறிந்தவர்கள். 2012-இல் புளோரிடாவிலுள்ள தங்கள் பூங்காவில் வில்லன்களோடு போரிடும் சீட்டு விளையாட்டு ஒன்றைத் தொடங்கி, வருவோருக்குச் சீட்டுக்களை இலவசமாகவே கொடுத்தார்கள். 2021 வரையில் அது நடந்தது. வரிசையில் நிற்கும் குடும்பங்கள் விளையாடுவதற்கென்றே 2018-இல் கைப்பேசிச் செயலி ஒன்றையும் இலவசமாக வெளியிட்டார்கள். கோடிக் கணக்கில் செலவிட்டு அவர்கள் கண்டுபிடித்ததை, என் தாயார் புளிச்சோற்றைப் பறிகொடுத்த கையோடு செய்து முடித்தார்!

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படித்த காலத்தில் நண்பர்களோடு சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவுக்குப் போயிருக்கிறேன். அங்கே காவலர் உடையில் ஒருவர் சிலையாக நின்றுகொண்டிருந்தார். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும்; அதுதான் ஆட்டம். அதற்குத் தனிச் சீட்டு கிடையாது. குழந்தைகள் அழகு காட்டினார்கள். பாட்டிமார்கள் கூடப் பல்லை இளித்துக் காட்டினார்கள். அவர் அசையவில்லை. ஆனால் சுற்றி நின்ற குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தன. அன்று எந்த ராட்டினத்தில் ஏறினேன் என்பது மறந்துவிட்டது. அந்தச் சிலை மனிதர் மறக்கவில்லை.

ஆனால், இலவச விளையாட்டு என்று நாம் சொல்வதற்கும் ஒரு கட்டணம் உண்டு. கூட்டத்துக்கு நடுவே அசடாகவும், சொந்தப் பிள்ளையிடம் தோற்கவும் சம்மதிக்க வேண்டும். பிரவேசச் சீட்டை நான் முணுமுணுக்காமல் வாங்கிவிட்டேன். இந்தக் கட்டணத்தைச் செலுத்தத்தான் பதின்மூன்று வருஷம் தாமதித்துவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பெரிய திருநாள் மாசி மகம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலில் தீர்த்தவாரிக்காக எழுந்தருள்வார். தைக்காலில் முஸ்லிம் அன்பர்கள் மரியாதை செய்து அவரை வரவேற்பது நெடுநாளைய வழக்கம். சென்ற மாசி மகத்தன்று நாங்களும் சாலையோரத்தில் காத்திருந்தோம். பெருமாள் வரத் தாமதமாயிற்று. என் மகன் தங்கையையும், பக்கத்தில் நின்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினான். அவர்களில் பாதிப் பேர் என் வகுப்புப் பிள்ளைகள். கொக்கு பறந்தது, நாரை பறந்தது, கோலாவும் தடையின்றிப் பறந்தது.

அப்பொழுது அவன் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தபடி, "சார் பற!" என்றான்.

பிள்ளைகள் திகைத்துப் போய் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன்.